வாசகர் கேள்விகள்: சிறுநீரகமும் பொருளியலும்

கேள்வி: 2012-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை லாயிட் ஷாப்லியுடன் பகிர்ந்துகொண்ட ஆல்வின் ராத், சிறுநீரக மாற்று சிகிச்சைக்கு உதவியவர் என்று படித்தேன். பொருளியல் அறிஞருக்கு அங்கே என்ன வேலை?

பதில்: பணம் புழங்கக் கூடாத இடத்திலும் கொடுப்பவரையும் பெறுபவரையும் சேர்த்துவைக்க ஒரு முறை வேண்டும், அதை வகுப்பதுதான் சந்தை வடிவமைப்பு. உடலுறுப்புகளை விலைக்கு விற்பதை அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஏ வகை ரத்தம் உள்ள கணவர், பி வகை ரத்தம் உள்ள மனைவிக்குச் சிறுநீரகம் தர விரும்பினாலும் பொருந்தாது. வேறோர் ஊரில் இதற்கு நேர்மாறான தம்பதி இருந்தால், இரு கணவர்களும் தத்தம் சிறுநீரகத்தை மற்றவருடைய மனைவிக்குத் தரலாம். இத்தகைய இணைகளைத் தேடிப் பொருத்தும் வழியை ராத், டைஃபுன் சொன்மெஸ், உட்கு உன்வெர் மூவரும் 2004-இல் வெளியிட்டதோடு, அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் மருத்துவர்களுடன் சேர்ந்து நடைமுறைக்கும் கொண்டுவந்தார்கள். தம் மனைவிக்குச் சிறுநீரகம் கிடைத்த பிறகு ஒருவர் மனம் மாறினால் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதால், நான்கு அறுவைச் சிகிச்சைகளையும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள். மனித மனத்தின் தயக்கத்தையும் கணக்கில் சேர்த்த இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இத்துறையின் மீது மதிப்புக் கூடுகிறது.

கேள்வி: நான் கணிதம் பயில்கிறேன். அவர் இத்துறைக்கு எப்படி வந்தார்?

பதில்: உங்களைப் போலவே, பொருளியலுக்கு வெளியிலிருந்துதான் வந்தார். 1951-இல் பிறந்த ராத், கொலம்பியாவில் இளநிலைப் பட்டமும், 1974-இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டமும் பெற்றது, சிக்கலான முடிவுகளைக் கணித வழியில் எடுக்க உதவும் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் துறையில். பிறகு இல்லினாய், பிட்ஸ்பர்க், ஹார்வர்டு பல்கலைக்கழகங்களில் பணியாற்றினார். அவருடைய பாதையைத் தீர்மானித்தது 1984-இல் வெளியான ஓர் ஆய்வு என்பேன். பயிற்சி மருத்துவர்களைப் பிடிப்பதற்கு அமெரிக்க மருத்துவமனைகள் போட்டி போட்டதில், 1940-களில் படிப்பு முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே வேலை பேசி முடிக்கும் நிலை வந்துவிட்டது. அதைச் சீராக்க 1950-களின் தொடக்கத்தில் மருத்துவத் துறையினர் தாங்களே ஒரு பொது ஒதுக்கீட்டு முறையை அமைத்தார்கள். கணித அறிஞர் டேவிட் கேலும் ஷாப்லியும் 1962-இல் எழுதிய கணித முறையும் அடிப்படையில் அதுவே என்பதை ராத் காட்டினார்: வந்த விண்ணப்பத்தை உடனே உறுதி செய்யாமல் கையில் வைத்திருந்து, அதைவிட உகந்தது வந்தால் மட்டும் முந்தையதை விடுவிப்பது.

ஆகவே கணிதத்தை ஆழமாகப் படியுங்கள். அதோடு ஒரு நடைமுறை எந்த இடத்தில் முறிகிறது என்பதை நேரில் போய்க் கேளுங்கள். மருத்துவர்களாகிய கணவனும் மனைவியும் ஒரே ஊரில் வேலை கேட்டபோது அந்தப் பழைய முறை தடுமாறியது. தம்பதிகள் இருந்தால் நிலையான ஒதுக்கீடு, அதாவது யாரும் அதை மீறித் தமக்குள் வேறு ஏற்பாடு செய்துகொள்ள விரும்பாத ஒதுக்கீடு, இல்லாமலே போகலாம் என்று நிறுவியிருந்த ராத்திடமே 1995-இல் அதைத் திருத்தும் பணி வந்து சேர்ந்தது. அவரும் எலியட் பெரன்சனும் முந்தைய ஆண்டுகளின் விருப்பப் பட்டியல்களைக் கணினியில் ஓட்டிப் பார்த்து உருவாக்கிய புதிய முறை, 1998-இல் நடைமுறைக்கு வந்தது.