படத்தில் காட்டாத நம் ஆட்கள்

கேள்வி: எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’ படம் ஓடிக்கொண்டிருந்தது. மலாயாத் தோட்டத்தில் பிறந்த எங்கள் அப்புச்சி, “நம்மாளுக ஒருத்தரையும் காட்டலையே” என்று பாதியில் எழுந்து போய்விட்டார். அவருடைய அப்பா சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் போடப் போய்த் திரும்பவே இல்லையாம். அன்றிலிருந்து அவர் முகம் சரியில்லை. பேச்சுக் கொடுக்கலாமா, விட்டுவிடலாமா?
— பேத்தி, பாலக்காடு மாவட்டம்

பதில்: பேசுங்கள் அம்மா. அவர் சொன்னது சரிதான் என்பதை முதலில் அவரிடமே சொல்லுங்கள்.

1957இல் வந்த அந்தப் படம் வெள்ளைக்காரப் போர்க்கைதிகளின் கதை. இரண்டாம் உலகப் போரில், 1942-43இல் சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் 415 கிலோமீட்டர் பாதை போட்டபோது கைதிகள் சுமார் 60,000 பேர். ஆசியத் தொழிலாளர்களோ 1,80,000க்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் தமிழர்களே அதிகம். மலையாளிகளும் தெலுங்கர்களும் உண்டு. ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டத்தில் அரிசிக்கே வழியில்லாத நேரம். கூலி தருகிறோம் என்று ஆள் சேர்த்தார்கள், போதாதபோது பிடித்துக்கொண்டு போனார்கள். 1943 மழையில் முகாம்களில் காலரா பரவியது. கைதிகளுக்குப் படை மருத்துவர்கள் இருந்தார்கள், செத்தவர் பெயரை ஒளித்தாவது எழுதிவைக்க அதிகாரிகள் இருந்தார்கள். நம்மவர்களுக்கு யார் இருந்தார்கள்? தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக நிற்கின்றன. நம்மவர்களில் எத்தனை பேர் செத்தார்கள் என்பதற்கே சரியான கணக்கு இல்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கொதிக்கிறது.

அப்புச்சியிடம் அந்தச் சாவைப் பற்றிக் கேட்காதீர்கள். அதை அவர் பார்க்கவில்லை. அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். எந்தத் தோட்டம், யாரோடு மலாயாவுக்குக் கப்பலேறினார், மகனை என்ன சொல்லிக் கூப்பிடுவார்? ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் கப்பக்கிழங்குதான் (மரவள்ளி) சாப்பாடு. ஒருநாள் கிழங்கு வேகவைத்துக் கொடுத்து, அப்பா போனபிறகு அம்மா எப்படிச் சமாளித்தார் என்று கேட்டுப்பாருங்கள். அந்த அம்மாளின் கதையை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்புறம், இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் திதி கொடுப்பது வழக்கம். உங்கள் பக்கத்தில் கர்க்கடக வாவுக்கு, அதாவது ஆடி அமாவாசைக்கு, பாரதப்புழைக் கரையிலுள்ள திருநாவாயாவுக்குப் போகிறவர்களும் உண்டு. போகலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். தோட்டத்தின் பெயரையும் அவருடைய அப்பாவின் முழுப் பெயரையும் மட்டும் இந்த வாரமே எழுதி வாங்கிவிடுங்கள்.