அம்மாவின் ஈசிஜி மேல் வாட்டர்மார்க் போடலாமா?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் அம்மாவுக்கு 71 வயது. அடிக்கடி நெஞ்சு படபடப்பு வருகிறது. இங்கே எடுத்த ஈசிஜியைப் போனில் படம் பிடித்து, திருச்சியில் தம்பிக்குத் தெரிந்த இதய மருத்துவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். யாரும் தவறாகப் பயன்படுத்திவிடக் கூடாதே என்று ஒரு செயலியில் 'டாக்டர் பார்வைக்கு மட்டும்' என்று குறுக்கே வாட்டர்மார்க் போட்டிருந்தேன். 'எழுத்துதான் தெரியுது, கோட்டைக் காணோம்' என்று சொல்லிவிட்டார். என் வீட்டுக்காரரோ தீபாவளி நேரத்தில் தேக்கா, சிராங்கூன் சாலை ஒளியூட்டைப் படம் எடுத்துப் போடுவார். மூலையில் இருக்கும் அவர் பெயரை வெட்டிவிட்டு வேறு யாரோ அந்தப் படங்களைப் பயன்படுத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத வாட்டர்மார்க் என்று ஒன்று இருக்கிறதாமே, அதைப் போட்டால் இரண்டு தொல்லையும் தீருமா?"

தீராது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. உங்கள் அம்மாவின் ஈசிஜிக்கும் வீட்டுக்காரரின் படத்துக்கும் தேவைப்படும் குறிகள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை.

ஊரில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். அந்தப் பெயர் பாத்திரத்தைப் பூட்டி வைப்பதில்லை. விசேஷ வீட்டுக்கு இரவல் போன குண்டான் வேறொருவர் அடுக்களைக்குப் போய்விட்டாலும், தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும். தேய்த்தாலும் சுட்டாலும் போகக் கூடாது, அதுதான் அந்த எழுத்தின் வேலை. மருந்து பாட்டில் மூடியில் இருக்கும் வளையம் வேறு ஜாதி. யாராவது திறந்தால் அது உடைந்தே ஆக வேண்டும். உடையாத வளையத்தால் பயனில்லை. மின்னிலக்க நீர்க்குறியிலும், அதாவது வாட்டர்மார்க்கிலும், இந்த இரண்டு வகை உண்டு. வீட்டுக்காரரின் படத்துக்குப் பாத்திரப் பெயர் வேண்டும். அம்மாவின் ஈசிஜிக்கு மூடி வளையம் வேண்டும்.

முதலில் ஈசிஜி. நாம் காகிதத்தில் கோடாகப் பார்ப்பது கருவிக்கு உள்ளே வெறும் எண் வரிசை. ஆய்வாளர்கள் உலகம் முழுக்கப் பயன்படுத்தும் எம்ஐடி-பிஐஎச் என்ற ஈசிஜி தொகுப்பை எடுத்துக்கொள்வோம். அரை மணி நேரப் பதிவுகள் 48 அதில் இருக்கின்றன. ஒவ்வொரு நொடியும் 360 எண்கள். எண்ணில் ஒன்று கூடினால் மின்னழுத்தம் 5 மைக்ரோவோல்ட் கூடியதாகக் கணக்கு. ஈசிஜி காகிதத்தில் ஒரு சின்னக் கட்டத்தின் உயரம் 1 மில்லிமீட்டர், அதாவது 100 மைக்ரோவோல்ட். அப்படியானால் எண்ணை ஒன்று மாற்றினால் கோடு ஒரு சின்னக் கட்டத்தில் 20இல் ஒரு பங்கு நகரும். அச்சடித்த கோட்டின் தடிமனே அதைவிட அதிகம்.

குறியை ஒளித்து வைப்பது இந்தச் சந்தில்தான். சின்ன வயதில் கைக்குள் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு "ஒற்றையா இரட்டையா" விளையாடியிருப்பீர்கள். அதே ஆட்டம்தான். கணினி எதையும் 0, 1 என்ற துண்டுகளாகத்தான் எழுதும், ஒரு துண்டுக்குப் பெயர் பிட். ஒளிக்க வேண்டிய பிட் 0 என்றால் எண் இரட்டைப்படையாக இருக்க வேண்டும், 1 என்றால் ஒற்றைப்படை. எண் 1042, ஒளிக்க வேண்டியது 1 என்றால் அதை 1043 ஆக்கிவிடுவார்கள். ஏற்கெனவே ஒற்றைப்படை என்றால் தொடவே வேண்டாம். ஐசி நம்பரில், அதாவது சிங்கப்பூர் அடையாள அட்டை எண்ணில், 9 எழுத்துகள். எழுத்துக்கு 8 பிட் வீதம் 72 பிட். நொடிக்கு 360 இடம் இருக்கும்போது, 0.2 நொடியில் முழு ஐசி நம்பரும் உள்ளே போய்விடும். ஒரு இதயத்துடிப்புக்கு ஆகும் நேரத்தில் கால்வாசிதான் அது!

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் ஆசை வந்துவிடும். கொஞ்சம் பொறுங்கள். ஒளித்து வைத்ததெல்லாம் இரகசியம் ஆகிவிடாது. ஒற்றை இரட்டை விதி தெரிந்த எவரும் அந்த நம்பரைப் படித்துவிடலாம். அதனால் முதலில் மறையாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி, அப்புறம்தான் ஒளிக்க வேண்டும். எந்தெந்த எண்களில் ஒளித்திருக்கிறது என்பதையும் ஒரு சாவி தீர்மானிக்க வேண்டும். சாவி இல்லாதவருக்கு அது வெறும் இரைச்சலாகவே தெரியும்.

இன்னொன்று, ஈசிஜியில் எல்லா இடமும் ஒரே விலை அல்ல. உயர்ந்து நிற்கும் கூரான கியூஆர்எஸ் பகுதி, அதையடுத்து வரும் எஸ்டி பகுதி, இவற்றில்தான் மருத்துவரின் கண் நிற்கும். பல லீடுகளில் (உடலில் ஒட்டும் மின்வாய்கள் வழியே வரும் தனித்தனிக் கோடுகள்) எஸ்டி பகுதி 1 மில்லிமீட்டர் உயர்ந்தாலே மாரடைப்போ என்று சந்தேகப்படுவார்கள். எனவே ஒரு துடிப்பு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன்பு வரும் அமைதியான இடத்தில் குறியை வைப்பது நல்லது. ஆய்வுக் கட்டுரைகளில் "மொத்த மாற்றம் இத்தனை சதவீதம்தான்" என்று சராசரியைக் காட்டுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. மொத்தத்தில் மாற்றம் சொற்பமாக இருந்து, அது முழுவதும் ஓர் எஸ்டி பகுதியில் போய் விழுந்திருந்தால்? சராசரி அழகாகத்தான் இருக்கும். நோயாளி சராசரி அல்லவே.

அதனால் மருத்துவத்துக்கு எனக்குப் பிடித்தது, குறியைப் படித்த பிறகு அடையாளமே இல்லாமல் எடுத்துவிடக்கூடிய வகை. மீள் நீர்க்குறி என்று சொல்லலாம். ஜுன் தியான் என்ற ஆய்வாளர் 2003இல் வெளியிட்ட முறை இதில் புகழ்பெற்றது. அவர் அதைப் படங்களுக்காகச் செய்தார். உள்ளே இருக்கும் கணக்கு பள்ளிக்கூடக் கணக்குதான். எக்ஸ்ரே படத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டின் வெளிச்ச மதிப்பு 118, 114 என்று வையுங்கள். சராசரி 116, வித்தியாசம் 4. வித்தியாசத்தை இரட்டிப்பாக்கி, ஒளிக்க வேண்டிய 1ஐ அதோடு சேர்த்தால் 9. சராசரி மாறாமல் வித்தியாசம் 9 வரும்படி புது மதிப்புகள் 121, 112. இவற்றின் சராசரி 116.5, பின்னத்தை விட்டுவிட்டால் அதே 116.

இப்போது திரும்பி வருவோம். படிப்பவர் 121, 112ஐப் பார்க்கிறார். வித்தியாசம் 9, ஒற்றைப்படை, ஆகவே ஒளிந்திருந்தது 1. அதைக் கழித்துப் பாதியாக்கினால் 4. சராசரி 116, வித்தியாசம் 4 என்றால் பழைய புள்ளிகள் 118, 114. ஒரு புள்ளிகூடக் கெடவில்லை. மருத்துவர் பார்ப்பது கருவி கொடுத்த அசல்.

உள்ளே எதை ஒளிப்பது? பெயரையும் நம்பரையும்விட, அந்தப் படத்தின் கைரேகை போன்ற ஒரு சுருக்க எண்ணை ஒளிப்பது புத்திசாலித்தனம். பின்னால் யாராவது ஒரு புள்ளியை மாற்றினாலும் சுருக்க எண் பொருந்தாது, வளையம் உடைந்துவிடும். இது வீண் பயம் இல்லை. 2019இல் இஸ்ரேலின் பென்-குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிடி ஸ்கேன் படங்களில் நுரையீரல் புற்றுக்கட்டியைச் செயற்கையாகச் சேர்த்தும் நீக்கியும் காட்டினார்கள். பார்த்த 3 கதிரியக்க மருத்துவர்கள் பெரும்பாலும் ஏமாந்தார்கள். நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஸ்கேன் படங்களுக்கான டைகாம் தரமுறையிலேயே மின்னிலக்கக் கையொப்பம் இடும் வசதி இருக்கிறது. படத்தைத் தொடாமலே அது இதே வேலையைச் செய்யும். பல இடங்களில் அதுவே போதும் என்பது என் கருத்து. ஆனால் கையொப்பம் படத்தோடு ஒட்டியிருக்கும் தகவல் பகுதியில் இருப்பதால், யாராவது படத்தை மட்டும் உருவி ஜேபெக் ஆக்கிவிட்டால் பின்னால் வராது. படத்துக்குள் உறுதியாகப் பதித்த குறி கூடவே போகும்.

சரி, இதெல்லாம் மருத்துவமனையும் கருவி செய்பவர்களும் செய்ய வேண்டிய வேலை. போனில் எடுத்த படத்தின் மேல் செயலி போடும் எழுத்து வேறு விஷயம். உங்கள் படத்தில் நடந்தது என்னவென்றால், குறுக்கே ஓடிய எழுத்து நெஞ்சில் வைக்கும் லீடுகளின் கோடுகள்மேல் ஏறிவிட்டது. திருச்சி மருத்துவர் திருப்பி அனுப்பியது சரிதான்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். படம் பிடிப்பதை விட்டுவிட்டு, ஈசிஜியின் பிடிஎஃப் கோப்பு கிடைக்குமா என்று மருத்துவமனையில் கேளுங்கள். நம்மைப் பற்றி ஓர் அமைப்பு வைத்திருக்கும் தகவலைக் கேட்டுப் பெற, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வழி விடுகிறது. சில இடங்களில் கட்டணம் கேட்பார்கள். படம்தான் எடுக்க வேண்டும் என்றால் தாளை மேசைமேல் தட்டையாக வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். ஓரத்தில் 25 மிமீ/நொடி, 10 மிமீ/மில்லிவோல்ட் என்று அச்சாகியிருக்கும். அதை வெட்டிவிட வேண்டாம். அது இல்லாமல் கட்டத்தை வைத்துக் கணக்குப் போட முடியாது. வயது, பாலினம், எடுத்த தேதி, நேரம் எல்லாம் இருக்கட்டும். ஐசி நம்பரை மறையுங்கள், ஆனால் போனில் இருக்கும் மார்க்கர் பேனாவால் வேண்டாம். அதில் சில பேனாக்கள் லேசாக ஊடுருவித் தெரிபவை. வெளிச்சத்தைக் கூட்டினால் நம்பர் பல்லிளிக்கும். கெட்டியான கறுப்புக் கட்டம் போட்டு மறைத்து, அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள்.

"இன்ன மருத்துவருக்கு, இன்ன தேதியில்" என்பதை மேல் ஓர வெள்ளைப் பகுதியில் எழுதுங்கள், கோட்டின் மேல் ஏறக் கூடாது. இரண்டு மருத்துவர்களுக்கு அனுப்பினால் இரண்டு பிரதியிலும் வெவ்வேறு பெயர். பின்னால் எங்காவது அந்தப் படம் வெளிவந்தால் எந்தப் பிரதி கசிந்தது என்று தெரியும். ஹாலிவுட்டிலும் இதைத்தான் செய்கிறார்கள். ஆஸ்கார் வாக்காளர்களுக்குப் போகும் படப் பிரதிகளில் ஆளுக்கு ஒரு குறி. 2004இல் ஒரு நடிகரை ஆஸ்கார் அகாடமி வெளியேற்றியது, அவர் பிரதி இணையத்தில் கசிந்தது இப்படித் தெரியவந்ததால்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், சுருங்காமல் போகும். பிடிஎஃப் என்றால் கடவுச்சொல் போட்டு, அந்தச் சொல்லைத் தம்பிக்குப் போனில் சொல்லிவிடலாம்.

குறி திருட்டைத் தடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். 2018இல் சிங்ஹெல்த் தரவுத்தளத்தில் ஊடுருவி 1.5 மில்லியன் நோயாளிகளின் தகவல்களை எடுத்தார்களே, அங்கே எந்த நீர்க்குறியும் உதவியிருக்காது. அது பூட்டின் வேலை, மறையாக்கத்தின் வேலை.

இனி தீபாவளிப் படம். இங்கே ஒற்றை இரட்டை ஆட்டம் செல்லாது. வாட்ஸ்அப்பில் ஒருமுறை போய் வந்தாலே படம் சுருங்கி, எண்களின் அந்த ஒற்றை இரட்டை எல்லாம் கலைந்துவிடும். 1997இல் காக்ஸும் அவருடைய சகாக்களும் எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. அதுவரை பலரும் கண்ணுக்குப் படாத மூலைமுடுக்கில் குறியை ஒளித்தார்கள். அவர்கள் நேர்மாறாகச் சொன்னார்கள்: படத்தின் முக்கியமான பகுதிகளிலேயே, ஆனால் நூற்றுக்கணக்கான இடங்களில் துளித் துளியாகப் பரப்பி வையுங்கள். சுருக்கும் மென்பொருள் அந்தப் பகுதிகளைத் தூக்கி எறியாது. குறியை அழிக்க நினைப்பவர் படத்தையே கெடுத்தாக வேண்டும். இரசத்தில் பெருங்காயம் மாதிரி, எந்தக் கரண்டியில் எடுத்தாலும் வாசம் இருக்கும், தனியாகப் பொறுக்கி எடுக்க முடியாது. கட்டணத்துக்கு இப்படிப் பதித்துத் தரும் சேவைகள் இருக்கின்றன. செயற்கை நுண்ணறிவால் உருவான படங்களில் பதிப்பதற்காக கூகல் 2023இல் கொண்டுவந்த சின்த்ஐடியும் இதே குடும்பம்தான்.

ஆனாலும் ஓர் ஓட்டை இருக்கிறது. திருடியவர் அதே படத்தில் தன் குறியையும் பதித்துவிட்டு "என்னுடையது" என்று வந்து நின்றால்? ஒரே குண்டானில் இரண்டு பெயர். அப்போது கடை ரசீது யாரிடம் என்றுதான் கேட்பார்கள். கேமராவிலிருந்து வந்த ரா கோப்புதான், அதாவது கேமரா பதிந்த பதப்படுத்தாத அசல்தான், அந்த ரசீது. உங்கள் வீட்டுக்காரர் இணையத்தில் போடுவது சிறிய அளவுப் பிரதியாக இருக்கட்டும். ரா கோப்பு, அதற்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் எடுத்த மற்ற படங்கள், இவற்றை ஒரு வன்தட்டில் போட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரே படத்தைத் திருடியவரிடம் அந்த வரிசை இருக்காது.

சிங்கப்பூரில் காப்புரிமைக்காக எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, படம் எடுத்தவுடனே உரிமை வந்துவிடும். 2021 காப்புரிமைச் சட்டத்தில், படைப்பைப் பொதுவில் பயன்படுத்துபவர் படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற உரிமையும் சேர்ந்திருக்கிறது. ஆகவே முதல் வேலையாக, பயன்படுத்தியவருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள்: படம் யாருடையது, எந்தத் தேதியில் எடுத்தது, ரா கோப்பு கையில் இருக்கிறது, பெயரைப் போடுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால் அவர்கள் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செய்தி போன பிறகு அந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது.