டயாலிசிஸும் வேலையும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவருக்கு பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. எடை 60 கிலோ. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். முடித்து வந்தால் எழுந்திருக்கவே முடிவதில்லை. மறுநாளும் பாதி வேலைதான் ஓடுகிறது. ‘எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்கிறார் மேனேஜர். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, திருப்பூர்

பதில்: ராஜினாமா கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட வேண்டாம். இ.எஸ்.ஐ. சந்தா நின்றால் கொஞ்ச காலத்தில் அதன் உதவி பெறும் உரிமையும் போய்விடும்.

இ.எஸ்.ஐ. மருத்துவர் சான்று தரும் நாட்களுக்கு, சராசரி தினக்கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆண்டுக்கு 91 நாள் வரை. விடுப்பின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் வராது. ஆனால் முந்தைய விடுப்பு முடிந்து 15 நாளுக்குள் அடுத்தது வந்தால் அந்தக் கழிவு கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறவருக்கு இது முக்கியம். பலர் தெரியாமலே கேட்காமல் விடுகிறார்கள். 91 நாளும் தீர்ந்தால், நாட்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால், 80 சதவீதம் வீதம் இரண்டு ஆண்டு வரை வாங்கலாம். அதற்கு இரண்டு ஆண்டு தொடர்ந்த வேலையும், அந்தக் காலத்தில் 156 நாள் சந்தாவும் வேண்டும்.

அசதி விஷயத்தில், இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் எவ்வளவு எடை ஏறுகிறது என்று பாருங்கள். ஏறுவது உடம்பில் தேங்கும் நீர்தான்; அதைத்தான் டயாலிசிஸில் எடுக்கிறார்கள். மணிக்கு, கிலோ எடைக்கு 13 மில்லிக்கு மேல் நீர் எடுப்பது நல்லதல்ல. உங்கள் கணவருக்கு நான்கு மணி நேரத்தில் சுமார் 3 லிட்டர்தான் அளவு. நான்கு கிலோ ஏறி வந்தால் பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் இழுக்கும், அன்றைய பொழுது போய்விடும். தண்ணீரை மட்டும் குறைத்துப் பயனில்லை. தாகத்தைக் கிளப்புவது உப்பு. 8 கிராம் உப்பு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரை உடம்பில் நிறுத்திவிடும். நாள் முழுவதற்கும் ஒரு டீஸ்பூனுக்குள் அடக்குங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் வேண்டாம். கடையில் விற்கும் ‘லோ சோடியம்’ உப்பை வாங்கிவிடாதீர்கள்: அதில் பொட்டாசியம் இருக்கிறது, இதயத்துக்கே ஆபத்து.

செவ்வாய், வியாழன், சனி மாலை நேரம் கேட்டுப் பாருங்கள். பகலில் வேலை பார்த்துவிட்டுப் போகலாம், இரவு தூங்கலாம், சனிக்குப் பின் ஞாயிறு ஓய்வு. டயாலிசிஸில் ரத்தம் உறையாமல் ஹெப்பாரின் தருவார்கள். டயாலிசிஸ் முடிந்த சில மணி நேரத்துக்குக் கட்டிங் மெஷின் பக்கம் போகக் கூடாது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்தது) போட்ட கையால் துணி ரோல் தூக்கக் கூடாது. இவற்றை மருத்துவர் கடிதத்தில் எழுதி வாங்கிக் கொடுத்தால், செக்கிங் போன்ற வேலைக்கு மாற்றிக் கேட்க வசதி.

கேள்வி: அப்பாவை வயிற்று வழி டயாலிசிஸுக்கு மாற்றச் சொல்கிறார்கள். பார்த்துக்கொள்ள நான் வேலையை விட வேண்டுமா?
– வாசகி, சேலம்

பதில்: பெரும்பாலும் வேண்டாம். வயிற்றில் இருக்கும் டயாலிசிஸ் நீரை வெளியேற்றிப் புது நீர் நிரப்ப வேண்டும். நாளுக்கு நான்கு முறை, தடவைக்கு 2 லிட்டர் பை, அரை மணிக்கு மேல் பிடிக்கும். காலை 6, மாலை 6, இரவு 10 உங்கள் கையில். கண்ணும் கையும் நன்றாக இருந்தால் மதிய மாற்றத்தை அப்பாவே செய்யலாம். பயிற்சிக்கு இருவரும் சேர்ந்தே போங்கள்.

மாற்றும்போது ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, மாஸ்க் போட்டு, கையைச் சோப்பால் கழுவ வேண்டும். இதில் அசட்டையாக இருந்தால்தான் தொற்று வரும், உங்கள் விடுப்பும் கரையும். வெளியே வரும் நீர் கலங்கலாக இருந்தால் அந்தப் பையோடு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பைகளை வீட்டுக்கே தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்யுங்கள்.