பங்குனி உத்திரத்துக்குத் திருநெல்வேலிக்காரர்கள் ஏன் சாஸ்தா கோயிலுக்குப் போகிறார்கள்?

கேட்டவர் தஞ்சாவூர்ப் பக்கம். அங்கே பங்குனி உத்திரம் என்றால் முருகன் கோயிலும் காவடியும்தானாம். கூட வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர்கள் மட்டும் குலதெய்வம், சாஸ்தா என்று லீவு போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்புகிறார்களே, இது எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் ஊரில் "உத்திரத்துக்குச் சாத்தாங்கோயிலுக்குப் போறோம்" என்பதுதான் பேச்சு. தீபாவளிக்கு வராதவர்கள்கூட அன்றைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். ஊர் ஊருக்கு ஸ்பெஷல் பஸ் ஓடும். வருஷம் பூராவும் பூட்டிக் கிடக்கிற காட்டுக் கோயில் வாசலில் அன்று வேன் நிறுத்த இடம் இருக்காது.

நாள் என்னவோ எல்லாருக்கும் பொதுவானதுதான். பங்குனி மாதத்துப் பௌர்ணமி உத்திர நட்சத்திரத்தை ஒட்டி வரும். பார்வதி பரமசிவன், முருகன் தெய்வானை என்று சாமிகளுக்குக் கல்யாணம் நடந்த நாள் அது. எங்களுக்கு வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் அன்றுதான் திருக்கல்யாணம். மயிலாப்பூரின் பங்குனி உத்திரத்தைச் சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே பாடிவிட்டார். சாஸ்தாவுக்கு அது அவதார நாள். சிவனுக்கும் மோகினியாக வந்த திருமாலுக்கும் பிறந்த ஹரிஹரபுத்திரன் அவர். சபரிமலையிலும் பங்குனி உத்திரத்துக்குப் பத்து நாள் திருவிழா நடத்தி, சாமியை நீராட்டுகிற ஆராட்டோடு முடிப்பார்கள்.

புராணக் காரணம் இவ்வளவுதான். ஆனால் ஒரு குடும்பம் மொத்தமும் ஓர் இடத்தில் வந்து நிற்பதற்கு இது மட்டும் போதாது என்று நினைக்கிறேன். சாஸ்தா, சாத்தன், அய்யனார் எல்லாம் ஒருவர்தான், இங்கே ரொம்பப் பழைய சாமி. அப்பர் தேவாரத்தில் சிவனை 'சாத்தனை மகனா வைத்தார்' என்கிறார். சிலப்பதிகாரத்திலும் பாசண்டச் சாத்தன் வருகிறான். எங்கள் சாஸ்தா கோயில்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். குளத்தங்கரை, மடை, காட்டு விளிம்பு, தேரி என்கிற செம்மணல் மேடு. ஊருக்குள் நடுத்தெருவில் இருப்பது அபூர்வம். தண்ணீரையும் எல்லையையும் காத்த சாமி அவர். திருச்செந்தூர்ப் பக்கம் மேலப்புதுக்குடியில் இருப்பவருக்குப் பேரே அருஞ்சுனை காத்த அய்யனார். தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார், வள்ளியூர்ப் பக்கம் சித்தூரில் தென்கரை மகாராஜா என்று ஒவ்வொருவருக்கும் தனிப் பேர், தனிக் கதை. ஒரே சாஸ்தாவைப் பல சாதிக்காரர்கள் குலதெய்வமாகக் கும்பிடுவார்கள். அவரவர் முன்னோர் எந்தக் குளத்துத் தண்ணீரில் பயிர் செய்தார்களோ அந்தக் கரைச் சாமி அவரவருக்கு. எனக்குச் சரியாகப் படுகிற காரணம் இதுதான்.

மாதமும் தோதாக அமைந்துவிட்டது. தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம். ஐப்பசி வாக்கில் நடுகிற பிசானம் மாசி, பங்குனியில் அறுப்பாகிவிடும். வீட்டில் புது நெல் இருக்கும், வயலில் வேலை இருக்காது. வருஷத்தில் ஒருநாள் குடும்பத்தோடு காட்டுக்குப் போய்ப் பொங்கலிட அதைவிட நல்ல சமயம் ஏது?

தன் சாஸ்தா யாரென்றே தெரியாத குடும்பங்களும் உண்டு. இரண்டு தலைமுறைக்கு முன்னால் ஊரைவிட்டுப் போனவர்கள், விவரம் தெரிந்த பெரியவர்களை இழந்தவர்கள். அவர்களைப் பாபநாசத்துக்கு மேலே காரையாறில் இருக்கும் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடச் சொல்வது வழக்கம். எல்லாச் சாஸ்தாவுக்கும் அவர்தான் மூலம் என்பது இங்குள்ள நம்பிக்கை. அங்கே பெரிய கூட்டம் ஆடி அமாவாசைக்குத்தான்.

எங்களுடையது அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி, தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்னக் கோயில். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வைத்துத்தான் பூஜை நடக்கிறது. சாஸ்தா தன் தேவியர் பூரணை புஷ்கலையோடு நடுவில் உட்கார்ந்திருப்பார். பேச்சி, சுடலைமாடன், கருப்பசாமி எல்லாம் வெளியே பூடமாக, அதாவது பீடமாக நிற்பார்கள். சாஸ்தா சைவம், சர்க்கரைப் பொங்கல்தான். மாடனுக்குக் கிடா உண்டு. வெட்டு நடக்கும் நேரத்தில் சாஸ்தா பார்க்கக் கூடாது என்று சன்னதிக்குத் திரை போட்டுவிடுவார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது திரைக்கம்பி துருப்பிடித்து அறுந்துபோய், பூசாரியின் மகனும் நானும் ஒரு வேட்டியை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெளியே கொட்டுச் சத்தம் உச்சத்துக்குப் போகிறது. வேட்டிக்குப் பின்னால் விளக்குச் சுடர் ஆடாமல் நிற்பது மங்கலாகத் தெரிகிறது. கை கடுத்தது, ஆனாலும் விடவில்லை. சாமிக்கு முன்னால் நான் செய்த முதல் வேலை அது.

இந்த வழக்கத்தில் பெண்களுக்கு ஒரு குறை உண்டு. அதை யாரும் பேசுவதில்லை. கல்யாணம் ஆகிவிட்டால் பெண்ணுக்குப் புருஷன் வீட்டுச் சாஸ்தாதான். எல்லாச் சாஸ்தாவுக்கும் நாள் ஒன்றே என்பதால், உத்திரத்தன்று பிறந்த வீட்டுச் சாமி முன்னால் நிற்க வழியே கிடையாது. அம்மா பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம், அவர்கள் சாஸ்தா ஒரு குளத்தங்கரையில் இருக்கிறார். கல்யாணமாகி வந்து 34 வருஷம் அந்தப் பக்கம் உத்திரத்துக்குப் போனதில்லை. பொங்கல் பொங்கி வரும்போது அம்மா குலவையிட்டு முடித்ததும் ஒரு நிமிஷம் மேற்கே பார்த்துக் கும்பிடுவாள். ரொம்ப நாள் அது சூரியனுக்கோ மலைக்கோ என்று நினைத்திருந்தேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பந்தி முடிந்ததும் அம்மாவை வண்டியில் ஏற்றிவிட்டேன். "ஒரே நாள்ல ரெண்டு சாத்தாவா, வழக்கம் இல்லையே" என்று பெரியப்பா தயங்கினார். ஆச்சிதான், "அவளும் ஒரு வீட்டுல பொறந்தவதானப்பா, போயிட்டு வரட்டும்" என்று முடித்துவைத்தாள்.

திருநெல்வேலியைத் தாண்டிப் போய்ச் சேரும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. கூட்டம் கலைந்து, அடுப்புக் கற்களும் சாம்பலும்தான் கிடந்தன. அம்மா நேரே மடைக்கு இறங்கிக் கால் கழுவினாள். பிச்சிப்பூவைச் சாஸ்தாவுக்குக் கொடுத்துக் கும்பிட்டுவிட்டுப் பேச்சியின் பூடத்துக்கு முன்னால் வந்து மஞ்சணைப் பிரசாதத்துக்குக் கை நீட்டினாள். பூசாரி சின்ன வயசுக்காரர், அம்மாவைத் தெரியவில்லை.

"எந்த வீடும்மா?" என்றார்.

அம்மா என்னை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தாத்தா பேரைச் சொல்லி, "அவங்க மூத்த மக" என்றாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் உத்திரத்துக்கு இரண்டு கோயில். போன வருஷம் அத்தையும் தன் வீட்டுப் பூஜையை முடித்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் எங்கள் சாஸ்தாவிடம் வந்துவிட்டாள்.