நூலுக்குத் தெரியாத கோணல்

அன்புள்ள ஐயா,
வியாசர்பாடியில் நண்பரின் பட்டறையில் ஸ்டீல் டியூப் வைத்து என் முதல் சைக்கிள் ஃபிரேமை பிரேசிங் (வேறு உலோகத்தை உருக்கிக் குழாய்களைப் பற்றவைப்பது) செய்து முடித்தேன். பின்சக்கர ஆக்சில் உட்காரும் ஒரு டிராப்அவுட்டிலிருந்து, ஹேண்டில்பார் பக்கத்து முன்குழாயான ஹெட் டியூபைச் சுற்றி அடுத்த டிராப்அவுட்டுக்கு நூல் கட்டி அளந்தேன். நூலுக்கும் சீட்டைத் தாங்கும் சீட் டியூபுக்கும் இடைவெளி வலப்பக்கம் 31 மி.மீ., இடப்பக்கம் 29. இரண்டு மில்லிமீட்டர்தானே, விட்டுவிடலாமா? ஃபிரேமை வைத்துச் சரிபார்க்கும் சமதள மேசை வாங்கணுமா? பவுடர் கோட்டிங்கா, ஸ்ப்ரேயா?

அன்புள்ள தம்பி,
மேசை வேண்டாம். பெயிண்ட் பேச்சு இப்போது எதற்கு? முதல் ஃபிரேமிலேயே நூல் கட்டி அளந்த பொறுமை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தத் ‘தானே’தான் பிடிக்கவில்லை. 31க்கும் 29க்கும் நடு 30. சீட் டியூப் அருகே இரு நூல்களின் நடு 1 மி.மீ. வலப்பக்கம் போயிருக்கிறது. ஹெட் டியூபிலிருந்து பார்த்தால் டிராப்அவுட், சீட் டியூபைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரத்தில் இருப்பதால் அங்கே விலகல் 2 மி.மீ.க்குக் கிட்ட வரும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில்தான் முடிச்சுப் போட்டீர்களா என்று பார்த்து, மறுபடி அளந்து, அப்புறம் கை வையுங்கள். ஸ்டீல் என்பதால் குளிர்ந்த நிலையில் வளைத்து நேராக்கலாம், அலுமினியத்தில் கூடாது. வளைத்தபின் இரண்டு டிராப்அவுட்டிலும் நீள போல்ட்டை உள்நோக்கி மாட்டி இறுக்குங்கள். முனைகள் நேருக்கு நேர் நிற்காவிட்டால் ஆக்சில் வளையும்.

இத்தனைக்கும் பிறகும் ஃபிரேம் கோணலாக இருக்கலாம். நூல் சரியாக வந்தால் போதும் என்று பட்டறைக்குப் பட்டறை சொல்கிறார்கள், அதுதான் எனக்கு ஆறவில்லை. பின்பக்கம் நடுக்கோட்டில் இருக்கிறதா என்பது மட்டும்தான் நூலுக்குத் தெரியும். ஹெட் டியூப் முறுக்கியிருந்தால் தெரியாது. ஹெட் டியூபில் ஒன்று, சீட் டியூபில் ஒன்று என நேரான குழாய்கள் செருகுங்கள். நான்கடி தள்ளி முன்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரியணும். இல்லையென்றால் கையை விட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். எல்லாரும் ஃபோர்க்கைத்தான் திட்டுவார்கள்.

பற்றவைக்கும்போது ஒரு பக்கத்தை முழுதாக முடித்துவிட்டு மறுபக்கம் போவதுதான் இப்படிக் கோணலாவதற்குப் பெரும்பாலும் காரணம். பற்றவைத்த இடம் ஆறும்போது சுருங்கி டியூபைத் தன் பக்கம் இழுக்கும். அடுத்த ஃபிரேமில் எல்லா இணைப்பிலும் முதலில் புள்ளி வைத்துப் பிடியுங்கள், அளந்து பாருங்கள், பிறகு இரு பக்கமும் மாறி மாறிப் பற்றவையுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற வைக்காதீர்கள். தானாக ஆறட்டும், ஆறியபின் திரும்ப அளக்கணும்.

குழாய் வைத்துப் பார்த்து என்ன வந்தது என்று எழுதுங்கள். அதுவரை ஃபிரேமில் எண்ணெய்த் துணி தடவி வையுங்கள், நம் பக்கத்துக் கடற்காற்றில் வெறும் ஸ்டீல் சீக்கிரம் துருப்பிடிக்கும்.