டெஸ்லா ஸ்கிரீனில் கேம் விளையாடினால் பேட்டரி, டயர், கம்ப்யூட்டர் எல்லாம் என்ன ஆகும்?

கேட்டவர் கலிஃபோர்னியாவில் இருக்கிறார். செகண்ட் ஹேண்டில் ஒரு டெஸ்லா மாடல் 3 பார்த்து வைத்திருக்கிறார். 11 வயதுப் பையன் கேமுக்காகவே அந்தக் காரைக் கேட்கிறானாம். பேட்டரி இறங்குமா, டயர் தேயுமா, கம்ப்யூட்டர் கெட்டுப்போகுமா என்பதுதான் கேள்வி. இதற்கு வந்த பதில்களில் பாதி, "இது காரா, வீடியோ கேம் கடையா?" என்ற கிண்டல். மீதிப் பாதி மஸ்க் துதி. கேட்ட கேள்விக்கு ஒருத்தரும் வரவில்லை.

முதலில் எந்த வருஷத்துக் கார் என்று பாருங்கள். ஓடோமீட்டரைவிட இந்த விஷயத்தில் முக்கியம் உள்ளே இருக்கும் சிப். ஸ்கிரீனில் கன்ட்ரோல்ஸ், அதற்குள் சாஃப்ட்வேர், அதற்குள் கூடுதல் வாகனத் தகவல் என்று போனால் இன்ஃபோடெயின்மென்ட் பிராசஸர் எது என்று எழுதியிருக்கும். இன்டெல் ஆட்டம் (Intel Atom) என்றிருந்தால் கேம் ஓடும், ஆனால் திணறித் திணறி ஓடும். யூடியூப் திறக்கும்போதே அந்தத் திணறல் தெரிந்துவிடும். ஏஎம்டி ரைஸன் என்றிருந்தால் கவலை இல்லை. அமெரிக்காவில் மாடல் 3-க்கு ரைஸன் வந்தது 2021 கடைசி, 2022 தொடக்கம். விற்பவர் "எல்லா டெஸ்லாவும் ஒன்றுதான் சார்" என்றால் நம்ப வேண்டாம்.

"இதில் ஸ்டீம் கேம் எல்லாம் ஓடும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கம்ப்யூட்டர் கேம் விற்கும் தளமான ஸ்டீம் மாடல் 3-இல் ஒருபோதும் இருந்ததில்லை. 2022 டிசம்பரில் ஸ்டீம் வந்தது, 16 ஜிபி ரேம் உள்ள புது மாடல் எஸ், எக்ஸ் இரண்டுக்கு மட்டும். 2021 ஜூனில் ஃப்ரீமான்ட் ஆலையில் மாடல் எஸ் பிளெய்ட் அறிமுகத்தின்போது சைபர்பங்க் 2077 என்ற கனமான கேமை ஓடவிட்டுக் காட்டினார்களே, அந்தத் தனி கிராஃபிக்ஸ் சிப்பின் பலத்தில். 2024-இல் புதிதாக வரும் எஸ், எக்ஸ் கார்களில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். பணம் கட்டிவிட்டு டெலிவரிக்குக் காத்திருந்தவர்களுக்கு, உங்கள் வண்டியில் இனி ஸ்டீம் ஓடாது என்று ஒரு மின்னஞ்சல். அவ்வளவுதான் மரியாதை.

அடுத்து டயர். பையன்கள் எல்லாரும் கேட்பது பீச் பக்கி ரேஸிங் 2. 2019 ஜூனில் ஆர்கேட் என்ற பெயரில் கேம்களை ஒரே இடத்தில் சேர்த்தபோது வந்தது. காரின் நிஜ ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஸ்கிரீனில் உள்ள வண்டி திரும்பும், நிஜ பிரேக்கை மிதித்தால் அதுவும் நிற்கும். வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் மாடல் 3-இல் ஸ்டியரிங்குக்கும் முன் சக்கரத்துக்கும் நடுவே இரும்புத் தண்டு ஒன்று நேராகப் போகிறது. (சைபர்டிரக்கில் அந்தத் தண்டு கிடையாது.) அதனால் ஸ்கிரீனில் வளைவு வரும்போதெல்லாம், நின்ற இடத்திலேயே முன் டயர் இரண்டும் தார் தரையில் அரைபடுகின்றன. ஓடும் வண்டியில் டயர் உருண்டுகொண்டே திரும்பும். நிற்கும் வண்டியில் தரையைத் தொடும் அந்த உள்ளங்கை அளவு ரப்பர் ஒரே இடத்தில் முறுக்கிக்கொண்டு தேயும். பத்து நிமிஷம் ஆடிவிட்டு இறங்கிக் குனிந்து பார்த்தால், கான்கிரீட் தரையில் டயருக்கு அடியில் விசிறி மாதிரி கறுப்புக் கறை தெரியும். அது உங்கள் டயர்.

ஒரு நாள் ஆடியதால் டயர் போய்விடாது. தினமும் அரை மணி என்றால் காசு. பவர் ஸ்டியரிங் மோட்டாருக்கும் இது கடினமான வேலை. தொடர்ந்து சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள உதவியைக் குறைத்துக்கொள்ளும், ஸ்டியரிங் திடீரென்று கனக்கும். கனத்தால் நிறுத்திவிடுங்கள், ஆறட்டும். நடைபாதைக் கல்லை ஒட்டி நிறுத்திவிட்டு ஆட வேண்டாம், திரும்பும் டயரின் பக்கச் சுவர் கல்லில் உரசும். ஆடி முடித்ததும் ஸ்டியரிங்கை நேராக்கிவிட்டுத்தான் டிரைவ் போட வேண்டும். பலர் இதை மறந்து, முழுக்க மடங்கிய சக்கரத்தோடு கிளம்பி பக்கத்துக் காரை நோக்கிப் போகிறார்கள்.

டயரைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. யாரும் சொல்வதில்லை. இந்த கேம் பையனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்து, பிரேக் மேல் கால் வைக்கப் பழக்குகிறது. 2024-க்கு முன் அமெரிக்காவில் வந்த மாடல் 3-இல் காரைக் கிளப்ப என்ன வேண்டும்? பிரேக்கில் கால், அப்புறம் ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியர் குச்சியைக் கீழே ஒரு தட்டு. சாவி எங்கே? உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போன்தான் சாவி, நீங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆக, ஆட்டத்தின் வேகத்தில் கை குச்சியில் பட்டால் கேம் மூடிக்கொள்ளும், கார் தயாராகிவிடும். செட்டிங்கைப் பொறுத்து, பிரேக்கிலிருந்து கால் எடுத்தாலே நகரலாம். "சேஃப்டி ஃபீச்சர் எல்லாம் இருக்கே" என்று வருபவர்களுக்கு: இருக்கிறது, ஓட்டுவதற்கு முன்னால் ரகசிய எண் (PIN) கேட்கும் வசதியும் இருக்கிறது, போட்டும் வையுங்கள். ஆனாலும் 11 வயதுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பையன் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில், கையில் கன்ட்ரோலர்.

கன்ட்ரோலர் என்றதும் யுஎஸ்பி பிரச்சினை வரும். பழைய மாடல் 3-இல் நடுப்பெட்டியில் உள்ள யுஎஸ்பி துளையில் எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரைச் செருகினால் போதும். பின்னால் வந்த பல கார்களில் அந்தத் துளை சார்ஜ் ஏற்ற மட்டும், டேட்டா போகாது. கன்ட்ரோலரில் விளக்கு எரியும், கேமில் ஒன்றும் நடக்காது. கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்குகிறவர்கள் உண்டு. டேட்டா போகும் துளை க்ளவ் பாக்ஸுக்குள் இருக்கும், அதில் டேஷ்கேம் (ஓட்டும்போது சுற்றி நடப்பதைப் பதிவுசெய்யும் கேமரா) பென் டிரைவ் உட்கார்ந்திருக்கும். ஒரு துளையைப் பலவாக்கும் ஹப் போட்டு இரண்டையும் செருகலாமா என்றால், ஹப் போடாதீர்கள் என்பது டெஸ்லா கையேட்டின் பேச்சு. காரணம் இல்லாமல் இல்லை. டேஷ்கேமுக்கு நொடிக்கு 4 எம்பி குறையாமல் எழுதும் வேகம் வேண்டும், மட்டமான ஹப் நடுவில் வந்தால் ரெக்கார்டிங் அறுந்துபோகும். விபத்து நடந்த அன்றைக்குத்தான் அது தெரியவரும். ஆடும்போது பென் டிரைவைக் கழற்றிவிட்டுக் கன்ட்ரோலரைச் செருகுங்கள், முடிந்ததும் மாற்றிவிடுங்கள். சலிப்பான வேலை, ஆனால் ஏமாற்றாது.

கேம் உறைந்து நின்றால் பயப்பட ஒன்றுமில்லை. பார்க்கில் வைத்து, ஸ்டியரிங்கில் உள்ள இரண்டு உருளை பட்டன்களையும் ஸ்கிரீன் கறுக்கும்வரை சேர்த்து அழுத்திப் பிடித்தால் கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கும்.

பேட்டரி? இதில் நிம்மதியாக இருக்கலாம். விழித்திருக்கும் மாடல் 3 சும்மா நின்றாலே சுமார் 200 முதல் 300 வாட் எடுக்கும். வெயிலில் ஏசி ஒரு கிலோவாட் என்று வையுங்கள். ஒரு மணி நேரம் ஆடினால் ஒன்றேகால் யூனிட், 60 யூனிட் பேட்டரியில் 2 சதவீதம், அதாவது ஏறக்குறைய 5 மைல் ஓட்டும் கரண்ட். பெட்ரோல் காரை ஷெட்டில் இன்ஜின் ஓடவிட்டு ஏசியில் உட்கார்ந்தால் புகையில் உயிரே போகும். அந்தப் பயம் இங்கே இல்லை. இந்த வசதி வந்ததே சார்ஜரில் 20, 30 நிமிஷம் சும்மா உட்கார வேண்டியிருக்கிறதே என்பதற்காகத்தான்.

இனி கம்ப்யூட்டர். டெஸ்லாவை வெறுப்பவன் என்று திட்ட வருபவர்கள் இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். கேம் ஆடுவதால் கம்ப்யூட்டர் கெடாது. ஆனால் கேம் ஓடும் அதே கம்ப்யூட்டர்தான் ரிவர்ஸ் கேமரா, கண்ணாடிப் பனி விலக்கும் காற்று எல்லாவற்றையும் பார்க்கிறது. அது சுணங்கினால் எல்லாம் சுணங்கும். இரண்டு உதாரணம் போதும்.

2012 முதல் 2018 தொடக்கம் வரை வந்த மாடல் எஸ், எக்ஸ் கார்களில் என்விடியா டெக்ரா 3 சிப், அதோடு 8 ஜிபி ஃப்ளாஷ் மெமரி. ஃப்ளாஷ் மெமரியில் ஒவ்வொரு கட்டத்தையும் ஏறக்குறைய 3,000 தடவைதான் அழித்து எழுதலாம். கார் தன் லாக்கை (தன் இயக்கத்தைப் பற்றிய பதிவுகளை) ராப்பகலாக அதிலேயே எழுதித் தள்ளியது. ஐந்தாறு வருஷத்தில் மெமரி தேய்ந்து ஸ்கிரீன் செத்தது. கூடவே ரிவர்ஸ் கேமராவும், இன்டிகேட்டரின் டிக் டிக் சத்தமும் போயின. 2021 பிப்ரவரியில் சுமார் 1.35 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்து, 64 ஜிபி மெமரி வைத்த பலகை மாற்றிக் கொடுத்தார்கள். இதில் கேமின் மேல் குற்றமே இல்லை, லாக் எழுதியவர்கள் மேல்தான். எழுதித் தேயும் பாகத்தை பம்பர் மாதிரி ஆயுள் முழுக்க வரும் என்று நினைத்துவிட்டார்கள்.

இரண்டாவது 2022 மே. ரைஸன் சிப் வந்த கார்களில், வேக சார்ஜுக்குத் தயாராகும்போது குளிர்ச்சி முழுக்கப் பேட்டரிப் பக்கம் போக, சிப் சூடாகி ஸ்கிரீன் மெதுவானது, சில சமயம் அணைந்தது. சுமார் 1.3 லட்சம் கார்கள். சாஃப்ட்வேர் அப்டேட்டிலேயே சரிசெய்துவிட்டார்கள். பழைய கார் வாங்கினால் வைஃபையில் போட்டு முதலில் அப்டேட் முடியுங்கள், கேம் அப்புறம்.

"ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் ஆடலாமே?" என்றும் பின்னூட்டத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆடிக்கொண்டிருந்தார்கள். பாசஞ்சர் பிளே என்று 2020 டிசம்பரிலிருந்து இருந்தது. நடு ஸ்கிரீனில், டிரைவர் கண்ணுக்கு நேராக சாலிடெய்ர் ஓடும். தடுப்பு என்ன தெரியுமா? நான் பயணி என்று ஒரு பட்டன். அதைத் தொட்டால் போதும், தொட்டது யார் விரல் என்று காருக்கு எப்படித் தெரியும்? 2021 டிசம்பரில் அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு சுமார் 5.8 லட்சம் கார்கள்மேல் விசாரணை தொடங்கியதும் உடனே எடுத்துவிட்டார்கள்.

மற்றவர்கள் இதைக் கொஞ்சம் ஒழுங்காகச் செய்கிறார்கள். கூகுளின் கார் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஆட்டோமோட்டிவ் ஓடும் கார்களில் வண்டியின் நிலை மூன்று: பார்க்கில் நிற்கிறது, பார்க்கில் இல்லாமல் நிற்கிறது, ஓடுகிறது. கவனத்தைச் சிதறடிக்காது என்ற அடையாளம் இல்லாத ஆப் எதுவாக இருந்தாலும், வண்டி நகர்ந்ததும் சிஸ்டமே அதன் மேல் திரை போட்டுவிடும். ஆப் எழுதியவரின் நல்ல மனசை நம்பி இல்லை. பிஎம்டபிள்யூ 2023-இல் 5 சீரிஸில் ஏர்கன்சோல் என்ற கேம் சேவையைக் கொண்டுவந்தது. ஸ்கிரீனில் வரும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் உங்கள் போனே கன்ட்ரோலர். டயரும் தேயாது, யுஎஸ்பி தேடலும் இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேமுக்கு 15 அங்குலம் தாராளமாக இருக்கிற அதே ஸ்கிரீனில், பிரேக், பார்க், ஏபிஎஸ் எச்சரிக்கை எழுத்துகள் சட்டம் சொல்லும் 3.2 மில்லிமீட்டர் உயரம்கூட இல்லை என்று 2024 தொடக்கத்தில் சுமார் 22 லட்சம் கார்களுக்கு ரீகால் போட வேண்டி வந்தது. ஜெர்மனியில் ஒருவர் மழையில் வைப்பர் வேகத்தை ஸ்கிரீனில் மாற்றப் போய் ரோட்டை விட்டு இறங்கினார். 2020-இல் கார்ல்ஸ்ரூஹே நீதிமன்றம் 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டத் தடையையும் உறுதிசெய்தது. வைப்பருக்கு ஒரு குமிழ் வைத்தால் என்ன குடி முழுகிப் போய்விடும்? கேம் இருப்பதைப் பற்றிப் புலம்புகிறவர்கள் இதைப் பற்றிப் புலம்பினால் உபயோகமாக இருக்கும்.

கார் பார்க்கப் போகும்போது ஒரு சோதனை செய்யுங்கள். பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, இருப்பதிலேயே கனமான கேமை ஓடவிடச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷம் ஓடட்டும். பிறகு நீங்கள் பிரேக்கை மிதித்து நேராக ரிவர்ஸ் போடுங்கள். கேமராப் படம் 2 நொடிக்குள் வந்தாக வேண்டும், அமெரிக்க விதி அதுதான். மூன்று தடவை செய்து பாருங்கள். ஒரு தடவை தாமதமானாலும், பையன் எவ்வளவு அழுதாலும், அடுத்த காரைப் பாருங்கள்.