ஆகஸ்டில் மல் தீவு: பஃபின் பறவைக்கு முன்பணம் கட்டலாமா?

கிளாஸ்கோவில் வசிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "ஆகஸ்ட் நடுவில் ஐந்து நாள்கள் ஸ்காட்லாந்தின் மல் தீவில் தங்குகிறோம். முழங்கால் வலியுள்ள என் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். பஃபின் பறவைகளைக் காட்டுவது உறுதி என்று சொல்லி ஒரு பயண முகவர் முழுத் தொகையையும் முன்னதாகவே கேட்கிறார். கட்டலாமா? பஃபின் இல்லையென்றால் வேறு எதைப் பார்க்கலாம்?"

தயவுசெய்து கட்டாதீர்கள். பஃபின்கள் ஆண்டின் பெரும்பகுதியைக் கடலிலேயே கழிப்பவை. முட்டையிட்டுக் குஞ்சு வளர்ப்பதற்காக மட்டுமே ஏப்ரல் வாக்கில் கரையேறுகின்றன. மல் தீவுக்கு மேற்கே ட்ரெஷ்னிஷ் தீவுகளில் ஒன்றான லுங்காவின் புல்மேட்டு வளைகளில் அவை கூடு வைக்கும். ஜூலை முடியும்போதே கூட்டமாகக் கடலுக்குத் திரும்பிவிடுவதால், நீங்கள் செல்லும் நாள்களில் அங்கே வெறும் வளைகள்தாம் இருக்கும். ஜூன் மாதப் படத்தைக் காட்டி ஆகஸ்ட் மாத இருக்கையை விற்பவரிடம் நேர்மையை எதிர்பார்க்க முடியாது.

இத்தகைய முகவர்களுக்குச் சொந்தப் படகு கிடையாது. உல்வா ஃபெரி, ஃபியன்ஃபோர்ட், டோபர்மோரி ஆகிய துறைகளிலிருந்து புறப்படும் படகுகளின் இருக்கைகளைத் தரகு சேர்த்து விற்கிறார்கள். அலை மிகுந்து பயணம் ரத்தானால், படகுக்காரர் திருப்பித் தரும் பணம் முகவரிடம் போய் நின்றுவிடும். ஆகவே எந்தப் படகுப் பயணமானாலும் உரிமையாளரையே தொலைபேசியில் அழைத்து, அந்த வாரத்தில் எவை கண்ணில் படுகின்றன, தீவில் இறக்கிவிடுவார்களா, ரத்தானால் பணம் எப்போது வரும் என்று கேளுங்கள். லுங்காவில் இறங்கியதும் உருண்டைப் பாறைகளைத் தாண்டிச் செங்குத்தான பாதையில் ஏற வேண்டும் என்பதால், உங்கள் அம்மாவுக்கு அது எந்த மாதத்திலும் ஏற்ற இடமன்று. கரையிறங்காத திமிங்கிலப் பயணம் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும். மிங்கி திமிங்கிலமும் மாங்ஸ் ஷியர்வாட்டர் பறவைகளும் ஆகஸ்டில் தென்படக்கூடியவை.

காசு செலவில்லாமல் சாலையோரத்திலிருந்தே காணக்கூடியது வெண்வால் கழுகு. 1918-இல் ஷெட்லாந்தில் கடைசிப் பறவையும் சுட்டுக் கொல்லப்பட்டபின் பிரிட்டனில் அறவே இல்லாமற்போன இந்த இனத்தை, 1975 முதல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ரம் தீவில் விட்டு மீட்டார்கள். அதன்பின் காட்டில் பிறந்த முதல் குஞ்சு 1985-இல் மல் தீவில்தான் பறந்தது. லோக் நா கீல் கடற்கழியை ஒட்டிய சாலையில் வண்டியை ஒதுக்குப்புறமாக நிறுத்தி, மலை விளிம்பையும் மரவுச்சிகளையும் பைனாகுலரால் துழாவுங்கள். எதிர்வண்டிக்கு வழிவிடுவதற்கென ஒற்றைத்தடச் சாலையில் அமைத்த இடத்தில் மட்டும் நிறுத்தாதீர்கள். கம்பத்தின்மேல் அமர்ந்திருப்பது பெரும்பாலும் பஸ்ஸர்ட் என்னும் சிறிய பருந்து. கழுகின் சிறகு விரிப்போ இரண்டு மீட்டரைத் தாண்டும்; பறக்கையில் இறக்கைகள் பலகைபோல் தட்டையாக நீண்டிருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். வால் வெள்ளையாக இல்லையே என்று பலர் உண்மையான கழுகை விட்டுவிடுகிறார்கள். கூட்டைவிட்டு அப்போதுதான் கிளம்பிய இளம் பறவைக்கு வாலும் அலகும் கருமையாகவே இருக்கும். வால் முழுதும் வெளுக்க ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆகஸ்டில் அத்தகைய இளம் பறவைகள் பெற்றோரை ஒட்டியே திரியும் என்பதால், நிறத்தை விட்டுவிட்டு உருவத்தையும் இறக்கையின் அகலத்தையும் பாருங்கள்.

நீர்நாய்க்குக் கடல் வற்றியிருக்கும் வேளையில் பாசி படர்ந்த கரையோரத்தைக் கவனியுங்கள். தலை, முதுகு, வால் என மூன்றும் நீர்மட்டத்தில் தெரிந்து, முழுகும்போது வால் மேலெழுந்தால் அது நீர்நாய். சீல் என்னும் கடல்விலங்கு அப்படியே அமிழ்ந்துவிடும். காற்று உங்கள் முகத்தில் படும்படி நில்லுங்கள், நீர்நாய் முழுகியிருக்கும்போது மட்டும் நகருங்கள்.

கடைசியாகக் கப்பல். ஸ்காட்லாந்து நிலப்பரப்பிலுள்ள ஓபனிலிருந்து மல் தீவின் க்ரெய்க்நூருக்குச் செல்லும் கப்பலில் கோடையில் காருக்கான இடம் விரைவில் நிரம்பிவிடுகிறது. இதே அரசுக் கப்பல் நிறுவனம் ஸ்காட்லாந்தின் இன்னொரு தீவான அரானுக்கு ஓட்டுவதற்காக 2015-இல் ஒப்பந்தமிட்டு 2018-இல் வந்திருக்க வேண்டிய ஒரு கப்பல் 2025 ஜனவரியில்தான் ஓடத் தொடங்கியது. கப்பலையே உயிர்நாடியாகக் கொண்ட தீவுவாசிகளை ஓர் அரசு இவ்வளவு காலம் காக்கவைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. எனவே விடுதிக்குப் பணம் கட்டுவதற்கு முன் காருக்கு இடம் பதிவு செய்யுங்கள். அது கிடைக்காவிட்டால், முன்பதிவின்றி வரிசைப்படி வண்டிகளை ஏற்றும் லோகாலின்–ஃபிஷ்னிஷ் சிறு கப்பல் இருக்கிறது.